கரடியோடு வந்த துப்பாக்கி

பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்கினால், அது கடைசியாகக் குறி தவறவிட்ட மிருகமும் கூடவே வந்துவிடும். துப்பாக்கி காரில் வரும். மிருகம் மறுநாள் நடந்து வரும். குன்னூர்ப் பக்கம் இந்தப் பொழுதுபோக்கு உள்ள நாங்கள் பதினோரு பேரும் அதற்கேற்ப வீட்டில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். மிருகம்தான் வர வேண்டும் என்றும் இல்லை. ஊட்டியில் ஒருவருக்கு யூகலிப்டஸ் மரம் வந்து கார் ஷெட்டில் நிற்கிறது.

என்னிடம் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று ஒற்றைக்குழல். 1931இல் ஒரு எஸ்டேட் துரை அதை வைத்துக் கரடி ஒன்றைச் சுடப்போய்க் கோட்டை விட்டார். அந்தக் கரடி எங்கள் வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம். என் மனைவி பிலோமினா அதைத் தம்பி என்று கூப்பிடுவாள். பட்டாணி உரித்துக் கொடுக்கும். இடி இடித்தால் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும். காலையில் முதல் காபி அதற்குத்தான், எனக்கு இரண்டாவது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இன்னொன்று இரட்டைக்குழல், அதோடு வந்தது ஒரு காட்டுக்கோழி. ஜோடியாகச் செய்த துப்பாக்கிகளில் ஒன்று, குழல்மேல் தங்கத்தில் '1' என்று பதித்திருக்கும். அந்த '2' எங்கே இருக்கிறது என்று முப்பது வருஷம் நாயாக அலைந்தேன். போன மாதம் கட்டபெட்டு நஞ்சா கவுடர் வீட்டு அலமாரியில் அதைப் பார்த்தேன். கையில் வாங்கியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதோட என்ன வந்தது கவுடரே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரலை சார். இது இதுவரைக்கும் தவறினதே இல்லை."

அடப் பாவமே என்றிருந்தது. குறி தவறாத துப்பாக்கி உள்ள வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சோபாவில் ஒரு ரோமம் கிடையாது. கவுடரின் மனைவி தவறி மூன்று வருஷம், மகள் துபாயில். சுவர்க் கடிகாரமும் ஓடவில்லை.

"நான்தான் நிறுத்திட்டேன். இந்த வீட்டுல அது ஒண்ணுதான் பேசிட்டிருந்தது. கேக்க முடியலை" என்றார். பிறகு, "உங்க கரடித் துப்பாக்கியைக் கொடுங்க சார், இதை எடுத்துக்குங்க" என்றார்.

ஜோடி சேரப்போகிற சந்தோஷத்தில் கண்மண் தெரியாமல் வலது கையை நீட்டிவிட்டேன். எங்களுக்குள் வலது கை கொடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வீட்டில் சொன்னேன். பிலோமினா கரண்டியைக் கீழே வைத்தாள். "துப்பாக்கியைத் தாராளமா கொடுங்க. கூட நீங்களும் போங்க. தம்பி எங்கேயும் வரமாட்டான்."

தம்பி அன்றைக்குப் பட்டாணியைத் தொடவில்லை. தன் கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கவுடர் '2'ஐ எடுத்துக்கொண்டு வந்தார். பிலோமினா காபியும் வர்க்கியும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, உங்களுக்கு வேண்டியது துப்பாக்கியா, துணையா?"

"துணைதாம்மா."

"அப்போ உங்க துப்பாக்கியை ஒரே ஒரு தடவை தவற விட்டா போதுமே."

முப்பது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. ஆனால் வேண்டுமென்றே தவறவிட்டால் செல்லாது. மனசார அடிக்க நினைத்துத்தான் தவற வேண்டும்.

பின்கொல்லைக்குப் போனோம். கவுடர் டின் மூடியைச் சுட்டார், விழுந்தது. எலுமிச்சம்பழத்தைச் சுட்டார், விழுந்தது. கொடியிலிருந்த கிளிப்பைச் சுட்டார். கிளிப் இரண்டாகப் போனது, பிலோமினாவின் புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. கவுடருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்கம்மா, தவறவே மாட்டேங்குது."

சின்னதையெல்லாம் அடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது எதிர்மலைதான். அதில் நாற்பது வீடும் ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. ஞாயிறு என்பதால் எல்லோரும் சந்தைக்கு இறங்கியிருந்தார்கள், மலை காலியாக இருந்தது. கவுடர் மூச்சைப் பிடித்துக் குறி பார்த்தார்.

தம்பி எழுந்து போய், பின்னாலிருந்து அவர் தோளில் மோவாயை வைத்தது. மூன்று வருஷமாக யாரும் தொடாத தோள். கவுடர் திடுக்கிட்டார். குண்டு ஆகாயத்துக்குப் போனது. மலை தவறிவிட்டது.

"அடிக்கணும்னுதான் நெனச்சேன் சார், சத்தியமா" என்றார்.

"செல்லும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு '2' என் கையை விட்டுப் போனது.

கவுடர் இடது கையை நீட்டினார். இடது கை கொடுத்தால் பேச்சு ரத்து. '2'ஐத் துடைத்துப் பெட்டியில் படுக்கவைத்து எடுத்துக்கொண்டு போனார். வயிறு எரியவில்லை என்று நான் சொல்லமாட்டேன். உள்ளே வந்து பார்த்தால் தம்பி கம்பளியை விரித்துப் போட்டிருந்தது. பக்கத்தில் பட்டாணிக் கூடை.

சந்தைக்குப் போனவர்கள் எல்லோரும் ஏறி முடிக்கும்வரை மலை காத்திருந்து, மறுநாள் விடிந்ததும் கிளம்பிப் போனது. அது இருந்த இடத்தில் இப்போது வெயில் சீக்கிரம் வருகிறது. பிலோமினாவுக்குத் துணி நன்றாகக் காய்கிறது.

புதன்கிழமை கவுடருக்குப் போன் செய்து, மலை சௌக்கியமாக வந்து சேர்ந்ததா என்று கேட்டேன். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம். யாரோ சர்க்கரை கேட்டார்கள், யாரோ சிரித்தார்கள்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார், காதுல விழலை" என்றார். பிறகு, "அப்புறம் கூப்பிடறேன், கூடத்துல பள்ளிக்கூட மணி அடிச்சிட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.