புஸ்பம் பாலம் இருக்கிறதா?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, மொழிபெயர்க்க வந்தது. புளியந்தீவில் நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கந்தோர் இருக்கிறது. பலகையில் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று எழுதியிருக்கும். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி என்று வருவதை வைத்துப் பிழைக்கிறேன். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுகிறேன். ஆள் அதிகம் வருவதில்லை.

ஒருநாள் காலையில் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி கொண்டுவந்தார். ‘புஸ்பம் பாலம்’ என்றொரு பாலம் உலகத்தில் இல்லை என்று புஸ்பம் என்கிற பெண் சத்தியம் செய்வதாக அதில் இருந்தது. பின்னேரம் வேறொருவர் வந்தார். அவருடைய கடதாசியில் அதே புஸ்பம், அதே பாலம் இருப்பதாகச் சத்தியம் செய்தாள். இரண்டிலும் கையெழுத்து இன்னும் விழவில்லை.

இரண்டையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். (என் தொழிலில் எது உண்மை என்று கேட்கக் கூடாது. கதையிலும் கேட்கக் கூடாதாம். அப்படியென்றால் எங்கேதான் கேட்பது?)

2

முதல் வரிக்கு மூன்று முயற்சி.

“மட்டக்களப்பு வாவியின் மேல் நிலவு...” வேண்டாம். நிலவையும் மீன் பாடுவதையும் எழுதாத ஆள் இந்த ஊரில் இல்லை. மீனுக்கே சலித்துப்போயிருக்கும்.

“உலகத்தின் இரண்டு பெரிய வரைபடக் கம்பனிகள் ஒன்றையொன்று...” இதுவும் வேண்டாம். அடுத்த சொல்லில் பெயர் போடவேண்டி வரும், பெயர் போட்டால் வக்கீல் கடிதம் வரும், அதையும் நானே மொழிபெயர்க்க வேண்டி வரும். முதலாங் கம்பனி, ரெண்டாங் கம்பனி என்றே சொல்கிறேன். இரண்டும் உங்கள் போனுக்குள் இருந்து வழி காட்டுகிறவைதான்.

“புஸ்பத்துக்கு ஒரே மகள்.” இது நிற்கட்டும்.

3

புஸ்பத்துக்கு ஒரே மகள். பெயர் அஜந்தா. தேற்றாத்தீவுக்குக் கிட்ட, வாவிக்கரையில் முடிகிற ஒழுங்கையின் கடைசி வளவு அவர்களுடையது. (ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் வரைபடத்தில் தேடுவீர்கள். இந்தக் கதையின் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.)

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போவதில்லை. தாய் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பாள், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவான். புஸ்பமும் அப்படித்தான் நினைத்து அறை கட்டி, ஓடு போட்டு, பூச்சும் பூசி வைத்திருந்தாள். மாப்பிள்ளை உதயரூபனுக்கு வயல் வாவிக்கு அங்கால், படுவான்கரையில். பெரிய வட்டை, ஒரே வயல்வெளி. யானை வருகிற இடம், காவல் இல்லாமல் விட முடியாது. கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவன் போனான், அவனோடு அஜந்தாவும் போனாள்.

அன்றைக்குப் புஸ்பம் கரையில் நின்று ஊர் கேட்கச் சொன்னது இது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

“ஆத்துக்கு மேலால பாலம் போடட்டும், அண்டைக்கு வாறன் உன்ர வாசலுக்கு. அதுமட்டும் இந்தக் கால் அங்கால படாது!”

அதாவது, வரவே மாட்டேன் என்று. அந்த இடத்தில் பாலம் தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போகலாம்தான். ஆனால் அது அவள் சொன்ன பாலம் இல்லையே. நேரே பார்த்தால் மகள் வீட்டுத் தகரக்கூரை வெயிலில் மினுங்குவது தெரியும். புஸ்பம் பாத்திரம் கழுவுகிற இடத்தைக் கூரை தெரியாத பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ஒரு கிழமையில் பழைய இடத்துக்கே வந்துவிட்டாள்.

4

இப்போது குற்றவாளி. றிப்ஷான், காத்தான்குடிப் பொடியன், பொதி விநியோகிக்கிற வேன் ஓட்டுகிறான். படுவான்கரைப் பொதிகளைப் புஸ்பத்தின் வளவில் இறக்கி, கந்தப்போடியின் வள்ளத்தில் ஏற்றி அனுப்புவான்.* அப்படி ஒருநாள் இறக்கிய பொதியில் அஜந்தாவின் பெயர் இருந்தது.

“மாமி, இது ஒங்கட மகள்ட. உள்ளுக்கு குழந்தச் சாமான்.”

மகள் பிள்ளைத்தாச்சி என்பது புஸ்பத்துக்கு இப்படித்தான் தெரியவந்தது. அவள் பொதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வள்ளம் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இரண்டு தரம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்ததாம்.

“போய்ப் பாருங்களன் மாமி.”

“பாலம் வரட்டும்.”

அன்றைக்கே றிப்ஷான் வேனுக்குள் இருந்தபடி முதலாங் கம்பனியின் வரைபடத்தில் கரைக்குக் கரை ஒரு கோடு கீறினான். பெயர்: புஸ்பம் பாலம். பகிடிக்குத்தான். இரண்டு நாளில் கம்பனி அழித்துவிடும் என்று நினைத்தான்.

அழிக்கவில்லை. கந்தப்போடி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் அதே நேர்கோட்டில் போய்வருகிறவர். யாரோ ஒருவர் வாவிக்கு மேலால் ஒழுங்காகக் கடக்கிறார் என்று கம்பனியின் கணினி கண்டுபிடித்து, பாலத்தை உறுதிசெய்தது.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? பாலத்துக்கு விமர்சனம் எழுதத் தொடங்கினார்கள்.

‘நல்ல காத்து. கைபிடிதான் இல்லை.’ ஐந்து நட்சத்திரம்.

‘குடும்பத்தோட போனம். கார் நிப்பாட்ட இடமில்லை. பாலமும் இல்லை. மற்றப்படி சிறப்பு.’ நான்கு நட்சத்திரம்.

‘திறப்பு விழாவுக்கு எங்களுக்குச் சொல்லவில்லை.’ ஒரு நட்சத்திரம்.

‘லீவில வந்தா முதல் வேலை இந்தப் பாலத்தில நிண்டு இறால் வடை தின்னுறதுதான்.’ இது கட்டாரிலிருந்து. இவர் பகிடி விடுகிறாரா, உண்மையிலேயே நம்புகிறாரா என்று தெரியவில்லை. அதனால் இவரைக் கதையில் விட்டுவைத்திருக்கிறேன்.

ஒருநாள் ஓடு ஏற்றிய லொறி ஒன்று பாலத்தைத் தேடி வந்து புஸ்பத்தின் வேலியைச் சாய்த்தது. றிப்ஷான் பயந்துபோய், பாலத்தை எடுக்கச் சொல்லிக் கம்பனிக்கு எழுதினான். பதில் வந்தது: ‘உங்கள் திருத்தம் ஏற்கப்படவில்லை. இந்தப் பாலத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள்.’

* கந்தப்போடிக்கு ஒரு பாத்தி வயலும் இல்லை. போடி என்றால் வயல் நிறைய உள்ள பெரியவர், இவருக்கு அது பெயரில் மட்டும்தான். இதைச் சொல்லும்படி அவரே கேட்டுக்கொண்டார்.

5

அடுத்த மாதம் ரெண்டாங் கம்பனியின் வரைபடத்திலும் புஸ்பம் பாலம் வந்தது. அதே கோடு, அதே பெயர். முதலாங் கம்பனி கோபத்தில் துள்ளிக் குதித்தது. ‘இல்லாத பாலத்தை எங்களிடம் இருந்துதான் களவெடுத்திருக்கிறான்’ என்று வழக்குப் போட முடிவுசெய்தது. அதற்குப் பாலம் இல்லை என்று நிறுவ வேண்டும். ரெண்டாங் கம்பனி தப்புவதானால் பாலம் இருக்க வேண்டும், உள்ள பாலத்தை யாரும் கீறலாம்தானே. உலகம் முழுவதும் கிளை வைத்திருக்கிற இரண்டு கம்பனிகளும் புஸ்பத்தின் முருங்கை மரத்தடியில், பிளாஸ்டிக் கதிரையில், ஒரே நேரத்தில் வந்து இருந்தன. சத்தியக்கடதாசியை வாசித்து விளங்கப்படுத்த நானும் போயிருந்தேன்.

“அம்மா, நீங்க உள்ளதச் சொன்னாப் போதும். பாலம் இல்லை. அவ்வளவுதான்,” என்றார் முதலாங் கம்பனி ஆள்.

“ஆக்கள் இதால கடக்கிறாங்கதானே? கடக்கிற இடத்தச் சனம் புஸ்பம் பாலம் எண்டுதானே சொல்லுது? அப்ப இருக்கு,” என்றார் மற்றவர்.

“சனம் சொல்றது எங்கட படத்தப் பாத்து!”

“உங்கட படத்தில எப்பிடி வந்தது?”

வேலிக்கு அங்கால் நின்ற றிப்ஷான் சப்பாத்தைப் பார்த்தான்.

“முதல்ல தேத்தண்ணி குடியுங்க,” என்றாள் புஸ்பம். “சண்டை பிடிக்கிறதெண்டாலும் வெறும் வயித்தோட பிடிக்காதீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஐயா, இல்லையெண்டு கையெழுத்து வெச்சா, அது கோட்டுக்குப் போகுமா?”

“போகும், தங்கச்சி.”

“பேப்பரில வருமா?”

“வரலாம்.”

“அப்ப மகளுக்கும் தெரியவரும்.” கொஞ்சம் யோசித்தாள். “இருக்கெண்டு வெச்சா?”

“இருக்கெண்டு ஆகும்.”

“இருக்கெண்டா நான் போகவேணுமே.”

“வாகனம் நாங்க ஒழுங்குபடுத்துவம், அம்மா,” என்றார் ரெண்டாங் கம்பனி ஆள். கொழும்பு நீதிமன்றத்துக்குப் போவதைப்பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார் பாவம்.

6

இந்த இடத்தில் எனக்கு அஜந்தாமேல் சந்தேகம் வந்தது. பாத்திரமாக அவள் நிற்கிறாளா? படித்த பெண், வரைபடத்தில் கிடக்கிற கோட்டைப் பாலம் என்று நம்புவாளா? முதலில் எழுதியதில் அவளை அழவைத்திருந்தேன். வெட்டிவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை, தாயின் மகள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கம்பனிக்காரர்கள் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் அவள் தாய்க்குப் போன் எடுத்தாள். புஸ்பம் எனக்குச் சொன்னது:

“அம்மா, பாலம் போட்டாச்சி. படத்தப் பாருங்க. ஒங்கட பேர்தான்.”

“ஆருகா போட்ட?”

“ஆரு போட்டா என்ன? பாலம் வந்தா வருவன் எண்டு சொன்னீங்களா, இல்லையா?”

புஸ்பம் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அடுத்த கிழம ஆசுபத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கு முதல் வந்தா வாங்க. வராட்டி விடுங்க.”

“சாப்பிட்டியா?”

“வாய்க்கு ஒண்டும் பிடிக்கல்ல. ஒங்கட பயத்தம் பணியாரம் எண்டா தின்னுவன்.”

போன் வைக்கப்பட்டது. யார் முதலில் வைத்தது என்று கேட்டேன். “அது உங்களுக்கு என்னத்துக்கு ஐயா?” என்றாள் புஸ்பம்.

எனக்கு இப்போது விளங்குகிறது. அஜந்தா அந்தப் பாலத்தை நம்பவில்லை. தாய் இறங்கிவர ஒரு படி தேவைப்பட்டது, றிப்ஷான் கீறிய கோடு கைக்குக் கிடைத்தது, எடுத்து நீட்டினாள். இதைவிட நல்ல காரியத்துக்கு அந்தக் கம்பனி இதுவரை பயன்பட்டிருக்க மாட்டாது.

7

முடிவுகள். எழுதிக் கிழித்தவை.

(அ) புஸ்பம் ‘இல்லை’ என்று கையெழுத்து வைக்கிறாள். முதலாங் கம்பனி வெல்கிறது, கோடு அழிகிறது. நியாயமான முடிவு. நியாயத்துக்கு நீதவான் இருக்கிறார், நான் எதற்கு?

(ஆ) வரைபடத்தைப் பார்த்து வெட்கப்பட்ட அரசாங்கம் உண்மையாகவே பாலம் கட்டுகிறது. றிப்ஷான் இதைத்தான் எழுதச் சொல்லி நிற்கிறான். நான் சத்தியப்பிரமாண ஆள், இவ்வளவு பெரிய பொய் எழுத ஏலாது.

(இ) அஜந்தா வள்ளத்தில் ஏறி இக்கரைக்கு வருகிறாள், தாயைக் கட்டிப்பிடித்து... இந்த வசனத்தை அவளிடமே போனில் வாசித்துக் காட்டினேன். “நான் ஏன் வரவேணும்? அவதானே சொன்னவ,” என்றாள்.

8

ஆகவே நடந்தது. முருங்கை மரத்தடியில் இரண்டு பேரும் பேனையை நீட்டிக்கொண்டு நிற்க, புஸ்பம் எழும்பினாள்.

“சத்தியம் எண்டா சும்மாவா? கண்ணால பாக்காம வெக்கமாட்டன். போய்ப் பாத்திட்டு வந்து சொல்றன்.”

“என்னத்தப் பாக்க?” என்றார் முதலாமவர்.

“பாலத்தத்தான்.”

உள்ளே போனாள். நல்ல சாறி உடுத்து, துணியால் கட்டிய சில்வர் சட்டி ஒன்றோடு வந்தாள்.

“பாலம் பாக்கப் போறதுக்கு சட்டி என்னத்துக்கு தங்கச்சி?” என்று கேட்டேன்.

“பசிச்சாத் தின்ன.”

“சாறி?”

“என்ர பேர் வெச்ச பாலம். அழுக்கோடயா போற? நீங்களும் வாங்க ஐயா, நான் சொல்றத எழுத ஆள் வேணும்.”

கந்தப்போடி கம்பு ஊன்றி வள்ளத்தைத் தள்ளினார். கம்பனிக்காரர்கள் கரையில் நின்று ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புஸ்பத்தின் போனில் வழிகாட்டும் குரலை றிப்ஷான் போட்டுவிட்டிருந்தான். கொஞ்சத் தூரம் போனதும் அது பேசியது: “நீங்கள் புஸ்பம் பாலத்தில் இருக்கிறீர்கள். நேராகச் செல்லுங்கள்.”

“அட, இவ்வளவு காலமும் நான் பாலத்திலயா போய் வந்த?” என்றார் கந்தப்போடி.

சட்டி என் முழங்காலில் பட்டது. நல்ல சூடு. நாங்கள் வளவுக்கு வருவதற்கு முன்பே அவள் அடுப்பு மூட்டியிருக்க வேண்டும்.

நடு ஆற்றில் புஸ்பம், “கொஞ்சம் நிப்பாட்டுங்க,” என்றாள். அங்கால் கரையில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கை அசைக்கவில்லை. புஸ்பமும் அசைக்கவில்லை. அவளுடைய ஒரு கை சட்டியில், மற்றக் கை வள்ளத்தின் விளிம்பில்.

அப்போது போன் அதிர்ந்தது. திரையில் கம்பனி கேட்டிருந்தது: ‘புஸ்பம் பாலம். இந்த இடம் இருக்கிறதா?’

“ஐயா, நான் சொன்ன சொல்லு மாறமாட்டன்,” என்றாள் புஸ்பம், கரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இருக்கெண்டா அங்கால போவம். இல்லையெண்டா கிறுகிப் போவம். நீங்க அமத்துங்க.”

“நான் அமத்த ஏலாது தங்கச்சி. ரெண்டு பகுதிக்கும் மொழிபெயர்த்த ஆள் நான்.”

“அப்ப ஆரு அமத்திற?”

சுற்றிப் பார்த்தேன். கந்தப்போடியின் இரண்டு கையும் கம்பில். மிச்சமிருப்பது நீங்கள்தான். இவ்வளவு தூரமும் கூலி கொடுக்காமல் இருந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். இந்தாருங்கள் போன்.

ஆம்.
இல்லை.
தெரியாது.

(மூன்றாவதை அமத்த வேண்டாம். இவ்வளவு பக்கமும் நான் அமத்திக்கொண்டிருந்தது அதைத்தான்.)

கெதியாக. பிள்ளைத்தாச்சி வெயிலில் நிற்கிறாள்.