செந்நிலவுப் படையும் ஒரு தொப்புளும்

வெண்டெல் ப்ரூம் அந்த டிவிடி பெட்டியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அட்டைப் படத்தைப் பார்த்தால் கண் அவிந்துவிடும் என்ற பயம் போலும். எங்கள் ஊர் நூலகத்தின் நிர்வாகக் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். இன்சூரன்ஸ் விற்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசை அவருடையது. கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் மனைவி செய்த பாதாம் ரொட்டியைக் கொண்டுவருவார். தின்ற பிறகு அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

நான் பதின்வயதினருக்கான டீன் பிரிவுக்குப் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் நூலகத்தின் அடித்தள அறையில் கூடி அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகள் 'செந்நிலவுப் படை' என்ற தொடரை வாங்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்து முடிவுசெய்ய வேறொரு நூலகத்திலிருந்து இரவல் வாங்கியிருந்தேன். என் மேஜையில் அதைக் கண்ட வெண்டெல், உடனே ஒரு கூட்டம் போடவேண்டும் என்று இயக்குநர் டாரல் ஹாஃப்ஸ்ட்ராவிடம் சொல்லிவிட்டார். டாரல் நல்லவர். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் கட்சி.

"அட்டையில இருக்கறவ படைத்தலைவிங்கறீங்க. வயிறு முழுக்க வெளியில தெரியுது, லோர்னா," என்றார் வெண்டெல். "இந்தக் கவசம் எதைக் காப்பாத்தும்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் எத்தனை பாகம் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"சாக்கடைன்னு தெரிஞ்சுக்க, உள்ள இறங்கிக் குளிக்கணுமா என்ன?"

நான் இறங்கிக் குளித்திருந்தேன். சாப்பாட்டு இடைவேளைகளையெல்லாம் அந்தக் கண்றாவிக்குத் தாரைவார்த்திருந்தேன். தொப்புளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆரம்பத்தில் அந்தப் பெண் வாள் வீசுவது பார்க்கும்படிதான் இருக்கிறது. நடுவில் அவள் காதலன், எல்லார் முன்பும் அவளை அடித்துக் கையை முறித்துவிடுகிறான். அடுத்த பாகத்தில் பூங்கொத்தோடு வந்து நிற்கிறான். வயலின் உருகுகிறது. அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அடிபட்ட அவள், அடித்தவனிடம். அதற்குப் பிறகு அவள் வாளைத் தொடுவதே இல்லை, தேநீர் ஊற்றுகிறாள். இதற்குப் பெயர் காதல் என்று தொடரை எடுத்தவர்கள் மனதார நம்பியிருக்கிறார்கள்.

இதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். வெண்டெலின் முகம் முதல்முறையாக இளகியது.

"சண்டை தீந்து சேந்துட்டாங்களா? அப்ப நல்ல விஷயந்தானே. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியல."

நாங்கள் இருவரும் ஒத்துப்போய்விட்டோம் என்று டாரல் எடுத்துக்கொண்டார். அட்டையில் வயிறு இருக்கும் இடத்தில் நூலக ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் எல்லோருக்கும் திருப்தியாக இருக்குமே என்றார். வெண்டெல் பெட்டியைத் திருப்பி, ஸ்டிக்கர் போதுமான அகலம் உள்ளதா என்று விரலால் அளந்து பார்த்தார். வளர்ந்த இரண்டு ஆண்கள், ஒரு கார்ட்டூன் வயிற்றின்மேல் குனிந்திருந்தார்கள்.

"என் பிரிவுக்கு இது வேண்டாம்," என்றேன். பொறுப்பு என்னுடையது என்பதால் அதோடு கூட்டம் கலைந்தது. வெண்டெலுக்குக் குழப்பம். டாரலுக்கு மீதி ரொட்டி.

சனிக்கிழமை ஆனிகா வந்தாள். தொடரைக் கேட்ட பிள்ளைகளில் முதல் ஆள் அவள்தான். பதினாறு வயது, பனியில் நனைந்த காலணியோடு நேராக என் மேஜைக்கு வந்து, தொப்புளுக்காகத்தான் தொடரை வாங்காமல் நிறுத்தினீர்களா என்று கேட்டாள்.

"இல்ல. கையை ஒடிச்சவன்கிட்ட அவ போய் மன்னிப்புக் கேக்கறா. அதை நல்லதுன்னு காட்டறாங்க. அதுக்காக."

அவள் என்னைப் பார்த்த பார்வை, நான் வெண்டெலைப் பார்த்த அதே பார்வை.

"மிஸ் லோர்னா, அது எங்களுக்குத் தெரியாதா? எல்லாரும் போன்ல பாத்தாச்சு. பெரிய திரையில போட்டு, அவனையும் அந்த வயலினையும் கிழிகிழின்னு கிழிக்கலாம்னுதான் கேட்டோம். நாங்க அதைப் பாத்துக் கண்ணீர் விடுவோம்னு நெனச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை டாரலின் அறைக்குப் போய், மனதை மாற்றிக்கொண்டேன் என்றேன். கடைசியாகப் பேசியது நான் என்பதால் உடனே ஒப்புக்கொண்டார். வெண்டெலின் மனம் கோணாமலிருக்க ஸ்டிக்கர் ஒட்டுவது என்றும் முடிவானது.

நாங்கள் வாங்கிய பெட்டி வந்த வாரம், சனிக்கிழமை, அடித்தளத்தில் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். பூங்கொத்தோடு அவன் வந்து நின்றதும் ஆனிகா படத்தை நிறுத்தினாள். "அவன் மூஞ்சியைப் பாருங்க. கையை ஒடிச்சுட்டு, தனக்கு வலிச்ச மாதிரி நிக்கறான்," என்றாள். ஒரு பையன் எழுந்து அவன் குரலிலேயே குழைந்து பேசிக்காட்டினான். அறையே சிரித்தது. பிறகு ஒரு பெண், தன் அக்கா வீட்டில் இப்படித்தான் நடந்தது, பூ மட்டும் வரவில்லை என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனிகா மறுபடி படத்தை ஓட்ட அவசரப்படவுமில்லை. அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

தொடர் மட்டமானதுதான்; அதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அலமாரியில் அதைப் பார்ப்பது அரிது. எப்போதும் யாராவது வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள்.