கிணற்றில் இருக்கும் உறுப்பினர்

கிணறுகள் துறையைப் படிக்கட்டுகள் துறையோடு இணைத்து அரசாணை வந்த அன்று கொம்பையா கிணற்றுக்குள் இருந்தார். ஆகவே அவரால் மேலே வர முடியவில்லை.

அவர் கிணறுகள் துறையின் ஆய்வாளர். தூர், ஊற்று, சுவர் விரிசல் மூன்றையும் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அலுவலக வளாகத்தின் பின்பக்கக் கிணற்றில் அன்று காலை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். சற்று நேரத்தில் தபாலில் ஆணை வந்தது. காவலாளியும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றை இழுத்தார்கள். கயிறு வந்தது. போட்ட முடிச்சு அவிழாமல் வந்தது. கொம்பையா வரவில்லை.

தான் ஏறியது உண்மைதான் என்று அவர் கீழேயிருந்து சொன்னார். கைப்பிடிச் சுவரைக்கூடத் தொட்டாராம். தொட்ட பிறகு பார்த்தால் கீழேயே நின்றுகொண்டிருந்தாராம்.

வடிவாம்பாளுக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. அவர் அந்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர். கிணறுகள் துறை ஊழியர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். துறைகளைச் சேர்த்தால் யாராவது ஒருவர் நடுவில் மாட்டிக்கொள்ளத்தான் செய்வார். சங்கம் இருப்பதே அதற்குத்தானே என்று நினைத்தபடி சங்க அறைக்குப் போனார்.

அறையைக் காணோம். அது இருந்த இடத்தில் படிக்கட்டு ஒன்று திரும்பி மேலே போயிற்று. சுவரில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே சங்க அறையின் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அணைக்காமல் வந்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

அங்கிருந்து நேராக இணைப்பு அலுவலரிடம் போனார். தலைநகரிலிருந்து இதற்கென்றே அனுப்பப்பட்டவர் அவர். மேசையைத் துடைத்து வைத்துவிட்டு யாருக்காகவோ காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"எங்க உறுப்பினர் ஒருத்தர் கிணத்துக்குள்ள இருக்கார் சார். நாங்க வந்து..." என்று தொடங்கினார் வடிவாம்பாள்.

அலுவலர் அவருடைய உதடுகளைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். வடிவாம்பாள் திரும்பச் சொன்னார். அப்போதுதான் தன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. தொண்டை அசைந்தது. நாக்கு அசைந்தது. அவ்வளவுதான்.

"நான்..." என்று சொல்லிப் பார்த்தார். அது வந்தது.

"சொல்லுங்க மேடம்," என்றார் அலுவலர் உடனே.

கொம்பையாவின் நிலைமையைத் தன் ஒருத்தியின் கவலையாகச் சொல்லி முடித்தார் வடிவாம்பாள். அலுவலர் மிகுந்த மரியாதையோடு கேட்டார். கிணற்றிலிருந்து ஒருவரைத் துறைக்குள் ஏற்றுவது பொதுப் பிரச்சினை, தனியாள் சொல்லி அதை எடுத்துக்கொள்ள முடியாது, சங்கம்தான் வந்து கேட்க வேண்டும் என்றார்.

"சங்கம்தான் சார் வந்திருக்கு."

அதுவும் சத்தமில்லாமல் போயிற்று. இல்லாத துறைக்குச் சங்கம் எப்படி இருக்கும் என்று அலுவலர் தானாகவே விளக்கினார். புதிய துறைக்கு எது சங்கம் என்பதை வாக்கெடுப்பில்தான் முடிவு செய்வார்கள். அதுவரை யாரும் யாருக்காகவும் பேச முடியாது. வாசல்வரை வந்து வழியனுப்பினார். கதவுக்கு மேலே புதிய பெயர்ப்பலகை இருந்தது. படிக்கட்டுகள் (மற்றும் கிணறுகள்) துறை.

அன்று வீட்டில் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, நாம சாப்பிடலாமா என்று கணவரிடம் கேட்டார். ஆவுடையப்பன் செய்தித்தாளிலிருந்து நிமிரவில்லை. நான் சாப்பிடப் போறேன் என்றதும், சரி சாப்பிடு என்றார். இரண்டு பேரும் ஒரே மேசையில் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

கொம்பையாவின் மனைவி இசக்கியம்மாள் தினமும் சாப்பாடு கொண்டுவந்து வாளியில் இறக்கினார். காலி டிபன் பாக்ஸ் கழுவித் திரும்பி வந்தது. மதியத்தில் வடிவாம்பாளும் போய்க் கிணற்றடியில் உட்காருவார். இசக்கியம்மாள் அழுது அவர் பார்த்ததில்லை. வீட்டுக் குழாய் ஒழுகுவது, மகளுக்கு வந்த வரன், எல்லாவற்றையும் கிணற்றைப் பார்த்துச் சொல்வார். கீழேயிருந்து பதில் வரும்.

ஒருநாள் இசக்கியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வடிவாம்பாளிடம் சொன்னார்.

"தண்ணி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல அக்கா. ஆனா அவுக சத்தம் மட்டும் நேத்தைவிட ஆழத்துல இருந்து வருது."

வடிவாம்பாள் குனிந்து, எப்படி இருக்கீங்க அண்ணாச்சி என்று கேட்டார். குறையொன்றும் இல்லை என்றார் கொம்பையா. கொஞ்சம் குளிர்தான்.

"கீழ வேற ஆளுகளும் இருக்காக வடிவம்மா. கண்ணுக்குத் தெரியல. இருமுதாக."

யாரென்று விசாரித்தீர்களா என்று கேட்டார் வடிவாம்பாள். ஒருவர் நிழல் அளவைத் துறையாம். சிலர் மணியோசைத் துறை. அந்தத் துறைகளையெல்லாம் எப்போதோ எதோடோ சேர்த்துவிட்டார்களாம்.

"அவங்க சங்கம் என்ன ஆச்சு?"

"அதைத்தான் அவுகளும் என்கிட்ட கேக்காக."

இதற்குப் பிறகு அலுவலகக் குழாய்களில் இருமல் கேட்கத் தொடங்கியது. குடிக்கத் தண்ணீர் பிடித்தால் முதலில் இருமல் வரும், பிறகு தண்ணீர் வரும். மற்றவர்கள் இருமல் நிற்கும்வரை காத்திருந்து குவளையை நீட்டப் பழகிக்கொண்டார்கள். வடிவாம்பாள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். பாட்டிலைத் திறந்தபோது அதற்குள்ளும் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

படிக்கட்டுகள் துறை ஊழியர் சங்கத்தின் தலைவர் குலசேகரன் ஒரு பிற்பகலில் அவரைத் தேடி வந்தார். உயரமான மனிதர். சமதரையிலும் முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்தார். எதிரி என்று நினைத்து வெறுக்க வடிவாம்பாள் தயாராகவே இருந்தார். ஆனால் அவர் வந்ததும் கிணற்றில் இருப்பவர் சாப்பிட்டாரா என்று கேட்டார். வெறுப்பதற்கு வழியில்லாமல் போயிற்று.

எண்ணிக்கையில் எங்கள் ஆட்கள்தான் அதிகம், வாக்கெடுப்பில் நாங்கள்தான் வருவோம், எதற்கு வீண் அலைச்சல், எல்லோரும் எங்கள் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள் என்றார். அவர் சொன்ன 'நாங்க' அறைக்குள் கணீரென்று கேட்டது. வடிவாம்பாளுக்கு அந்தச் சொல்லைக் காதில் கேட்டு நாளாகியிருந்தது. கண் கலங்கிவிட்டது.

"சேர்ந்தா கொம்பையா அண்ணாச்சியும் உங்க உறுப்பினரா?"

குலசேகரன் சட்டைப்பையிலிருந்து சங்க விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். படியில் நிற்பவர் மட்டுமே உறுப்பினர் என்று அவர்கள் விதியில் இருந்தது. கிணற்றில் படி இல்லை.

"விதியைத் திருத்தப் பார்க்கேன் மேடம். ஆனா இப்ப என்னால வாக்குக் குடுக்க முடியாது," என்றார்.

அப்படியானால் அண்ணாச்சியை விட்டுவிட்டு நான் மட்டும் வருவதற்கில்லை என்றார் வடிவாம்பாள். குலசேகரன் தலையாட்டினார். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன் என்று சொல்லிவிட்டு, முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்து போனார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கிணறுகள் துறைக்காரர்கள் கையில் எப்போதும் லேசாகப் பாசி வாடை அடிக்கும். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. படிக்கட்டுகள் சங்கத்தில் சேர்ந்த மறுநாள் வாடை போய்விடும். தட்டச்சர் மரகதம் ஒரு காலையில் வந்து உள்ளங்கையை வடிவாம்பாள் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு வாடையும் இல்லை.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க அக்கா," என்றாள்.

வடிவாம்பாள் அந்தக் கையைப் பிடித்து அழுத்தி, பிறகு விட்டார். திட்டியிருந்தால் மரகதத்துக்கு எளிதாக இருந்திருக்கும்.

வாக்குப் பெட்டியைப் பெரிய படிக்கட்டின் உச்சியில் வைத்திருந்தார்கள். படிக்கட்டுகள் துறைக்காரர்கள் நாலு எட்டில் ஏறி வாக்குப் போட்டுவிட்டு இறங்கினார்கள். கிணறுகள் துறையில் மிச்சமிருந்தவர்கள் காலையிலிருந்து ஏறினார்கள். ஏற ஏறப் படிகள் கூடின. வயதான இரண்டு பேர் பாதியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். வடிவாம்பாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். கொம்பையாவின் வாக்குச் சீட்டும் அவர் கையில் இருந்தது. காலையில் வாளியில் ஏறி வந்தது அது.

உச்சியை அடைந்தபோது பெட்டியை மூடப்போகும் நேரம். அவருடைய சீட்டை வாங்கிப் போட்டார்கள். கொம்பையாவின் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

"இது செல்லாது மேடம். ஈரமா இருக்கு."

"கிணத்துல இருக்கிறவரோட சீட்டு பின்ன எப்படிங்க இருக்கும்?"

அதிகாரி அது நல்ல கேள்வி என்றார். சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

முடிவு எல்லோரும் எதிர்பார்த்ததுதான். மறுநாள் பெயர்ப்பலகையில் படிக்கட்டுகளுக்குப் பின்னால் வெறும் அடைப்புக்குறிகள் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. இனி எல்லோருக்காகவும் பேசும் உரிமை குலசேகரனுக்குத்தான்.

வடிவாம்பாள் அன்றே அவரிடம் போனார். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"ஜெயிச்சிட்டீங்க. இப்ப கிணத்துல இருக்கிறவருக்கும் நீங்கதான் சங்கம். போய்க் கேளுங்க."

குலசேகரன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு உடனே இணைப்பு அலுவலரிடம் கிளம்பினார். வடிவாம்பாள் கதவுக்கு வெளியே நின்றார். நாங்க ஒரு கோரிக்கையோட வந்திருக்கோம் என்று குலசேகரன் சொன்னது கேட்டது. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. வெகு நேரம் பேசினார்கள். நன்றி சொன்னார்கள். குலசேகரன் வெளியே வந்தார்.

"ஏத்துக்கிட்டார்," என்றார்.

வடிவாம்பாள் கைகூப்பினார்.

"முழுசா கேளுங்க மேடம். இனிமே கிணறுங்கிறது கீழ போற படிக்கட்டாம். படி இல்லையேன்னேன். படி கட்டாத படிக்கட்டுன்னார். அதனால கொம்பையா மாட்டிக்கிடல, பணியில இருக்காராம். இடமாறுதல் இல்லாத நிரந்தரப் பணியாம்."

குலசேகரன் அங்கேயே முதல் படியில் உட்கார்ந்தார்.

"நான் பேசினது அவர் காதுல விழுந்துச்சு. ஒரு வார்த்தை விடாம விழுந்துச்சு. என் வாயால கேட்டு வாங்கினதுதான் இது," என்றார்.

வடிவாம்பாள் அவரைத் தேற்றவில்லை. தேற்ற அவரிடம் ஒன்றும் இல்லை. இனி யாரிடமும் போய்க் கேட்பதில்லை என்று மட்டும் அவருக்குத் தோன்றியது. அது முடிவாகத் தோன்றவில்லை, களைப்பாகத்தான் தோன்றியது. கால்கள் தாமாகப் பின்பக்கம் நடந்தன.

கிணற்றடியில் இசக்கியம்மாள் வாளியைத் துலக்கிக்கொண்டிருந்தார். வடிவாம்பாள் நடந்ததைச் சொன்னார். இசக்கியம்மாள் எழுந்து கிணற்றைப் பார்த்து, உங்களுக்கு நிரந்தரமாயிட்டாம் என்று மட்டும் சொன்னார். கீழே இருமல் நின்றுவிட்டது.

பிறகு கொம்பையா பேசினார். நல்ல ஆழத்திலிருந்து, ஆனால் தெளிவாக.

"முடிச்சுப் போடாம கயித்த மட்டும் விடுங்க. நாங்க பிடிச்சுக்கிடுதோம்."

வடிவாம்பாள் கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கீழே யாரோ பற்றினார்கள். பிறகு இன்னொருவர். கயிறு ஒவ்வொரு பிடிக்கும் ஒருமுறை துடித்தது. இரண்டு பெண்களும் இழுத்தார்கள். அசையவில்லை. ஒரு மனிதரின் கனம் அல்ல அது.

காவலாளி பீடியை எறிந்துவிட்டு வந்து பிடித்தார். சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்த மரகதம் சற்று நேரம் தள்ளி நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தாள். முந்தின நாள் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்த இரண்டு பேரும் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கடைசியில் குலசேகரன் வந்து கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். மாடி ஜன்னலில் இணைப்பு அலுவலர் நின்று பார்த்தார். அவர் கண்ணில் அங்கே யாரும் பட்டதாகத் தெரியவில்லை. சற்று நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கயிறு நகர்ந்தது. ஈரமான கயிறு முழம் முழமாக மேலே வந்தது. உள்ளங்கைகள் எரிந்தன. கீழேயிருந்து மூச்சிரைப்பு நெருங்கி வந்தது. ஒருவருடைய மூச்சு அல்ல, பலருடையது. வெயில் சாயத் தொடங்கியபோது கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு கை தெரிந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய கை. சட்டைக் கையின் பித்தளைப் பித்தானில் அங்கிருந்த யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு துறையின் முத்திரை இருந்தது.

இசக்கியம்மாள் கயிற்றை விடாமல் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது அவுக கை இல்ல."

இழுத்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். அந்தக் கை சுவரைத் தடவிக்கொண்டே இருந்தது, வீட்டுக் கதவை இருட்டில் தேடுவதைப் போல. வடிவாம்பாள் இசக்கியம்மாளின் முகத்தைப் பார்த்தார். இசக்கியம்மாள் உதட்டைக் கடித்தார். பிறகு காலை இன்னும் அகட்டி ஊன்றிக்கொண்டார்.

"யாரு வீட்டு ஆளோ. இழுங்க," என்றார்.

இழுத்தார்கள். முதல் கைக்குக் கீழே இன்னொரு கை வந்தது.