மேல் வரிசைப் பட்டன்

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் செய்த தம்ரூட்டைத் தின்றுகொண்டேதான் அதையும் சொல்வார்கள். ரவை, பால், முட்டை, நெய் எல்லாம் பதமாகச் சேர்த்து நான் சுடும் தம்ரூட் இனிப்பை வாங்கக் கொடைரோட்டிலிருந்துகூட ஆள் வருகிறது. ஆனால் வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தைத் தாண்டி, அடுப்படிவரை வந்து வாங்கிப் போகவேண்டும். அத்தா தோல் வியாபாரம் பார்த்த முன்னறை தெருவைப் பார்த்து ஷட்டரோடு இருக்கிறது. அவர் மௌத்தான பிறகு அது பூட்டியே கிடக்கிறது. அதில் நான் ஒரு கடை போட வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் அல்லவா?

வீடு எனக்கும் என் அண்ணன் முகமது யாசினுக்கும் பொது. அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், முன்னறைச் சாவி அவனிடம் இருக்கிறது. அதைச் செல்போன் கடைக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது அவன் எண்ணம். போனிலேயே பல நாள் சண்டை போட்டோம். கடைசியில் ஒரு நாள் அவன் சிரித்துக்கொண்டே, "பழையபடி ஆடிப் பாத்துருவமா மஹ்ஜு? நீ ஜெயிச்சா உன் கடை. நான் ஜெயிச்சா வாடகைக்கு விட்டுறணும்" என்றான். நானும் சரி என்றேன்.

வெளியாள் கேட்டால் இரண்டும் கிறுக்கு என்பார்கள். எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் தீரும். அத்தா ஒரு டிவி கேம் வாங்கித் தந்திருந்தார். அதில் விமானம் சுடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. வெள்ளை விமானம் யாசினுக்கு, பச்சை எனக்கு. ஆளுக்கு மூன்று உயிர். அது தீர்வதற்குள் யார் அதிகம் சுட்டு வீழ்த்துகிறாரோ அவர் சொல்வதுதான் சட்டம். தயிர் வாங்க யார் போவது, கறிச்சட்டியில் கடைசி ஈரல் துண்டு யாருக்கு, எல்லாமே அப்படித்தான் முடிவாகும். தோற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. அம்மாதான் நடுவர். நான் ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது. பிறகு எந்தத் தைரியத்தில் சரி என்றேன் என்று கேட்டால், அவன் சிரித்தானே, அந்த ஆத்திரத்தில்தான்.

ஆட்டம் தன் லேப்டாப்பில் இருக்கிறது, டிவியில் மாட்டிக்கொள்ளலாம் என்றான். பெருநாளுக்கு வருவதற்குள் இரண்டு ரிமோட் மட்டும் நான் வாங்கி வைக்க வேண்டுமாம். கையில் பிடித்து ஆடுகிறதற்கு எங்கள் வீட்டில் ரிமோட் என்றுதான் பேர். "எனக்கு மேல் வரிசையில ரெண்டு குட்டி பட்டன் வச்சதாப் பாத்து வாங்கு. அதான் கைக்குப் பழக்கம். ஒனக்குப் பிடிச்சதை நீ எடுத்துக்க" என்றான்.

அவன் ரிமோட்டில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு பட்டன் இருந்தது உண்மைதான். என்னுடையது வந்த புதிதிலேயே உடைந்துபோக, அத்தா வேறொன்று வாங்கிப் போட்டார். அதில் கீழ்வரிசை மட்டும்தான். மேலே இருப்பது எதற்கு என்று கேட்டால் சும்மா அழகுக்கு என்பான் யாசின்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் மிக்கேல்ராஜின் கடைக்குப் போனேன். நல்லதாக இரண்டு ரிமோட் வேண்டும் என்றேன். மிக்கேல்ராஜ் தம்பி உலகத்தில் உள்ள அத்தனை கம்பெனி டிவி ரிமோட்டையும் எடுத்து மேசையில் பரப்பிவிட்டது. நான் சேனல் மாற்றவா வந்தேன் என்று எகிறினேன். விஷயத்தைச் சொன்னதும் மிக்கேல்ராஜ் சிரித்துவிட்டு, கன்ட்ரோலர் என்று கேளுங்கள் அக்கா என்றான். பழைய மாதிரியிலேயே புதிதாகச் செய்து வருகிறதாம். ஒரு பெட்டி நிறைய எடுத்து வைத்து, கடை டிவியில் ஒரு விமான ஆட்டத்தையும் போட்டுக் கொடுத்தான்.

நான் முட்டையைக்கூட ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்து வாங்குகிறவள். வயர் இல்லாத ஒன்று, பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் அழுத்திச் செத்த நேரம் கழித்துத்தான் விமானம் நகர்ந்தது. அதற்குள் குண்டு வந்து விழுந்துவிட்டது. இன்னொன்றில் திசைப் பட்டன் லொடலொடவென்று ஆடியது, மேலே போ என்றால் மூலைக்குப் போனது. உருண்டையாக இருந்த ஒன்று என் கைக்குள் அடங்கவில்லை. கடைசியில் வயரோடு, சதுரமாக, பட்டன் கொஞ்சம் கெட்டியாக இருந்த ஒன்று பிடித்தது. கீழ்வரிசை மட்டும் வைத்தது. எனக்கு அது என்று ஒதுக்கிவிட்டு, அண்ணனுக்கு மேலேயும் அழகுக்கு இரண்டு பட்டன் வைத்ததைக் கொடு என்றேன்.

"அழகுக்கா?" என்றான் மிக்கேல்ராஜ். "அது டர்போ பட்டன் அக்கா. தானாச் சுடும்."

அப்படியொன்றை மாட்டிக் காட்டினான். கீழ்ப் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரே ஒரு குண்டு போனது. அடுத்த குண்டுக்கு விரலை எடுத்துத் திரும்ப அழுத்த வேண்டும். மேல் பட்டனை அழுத்திப் பிடித்தான். குண்டு மழையாகக் கொட்டியது. அவன் கட்டைவிரல் அசையவே இல்லை.

அப்போ யாசின் ஜெயித்ததெல்லாம் இதனால்தான். தயிரும் ஈரலும் போகட்டும், அதற்கா அழப்போகிறேன். டவுனில் கம்ப்யூட்டர் கிளாஸ் புதிதாக வந்தபோது இரண்டு பேரில் ஒருவரைத்தான் சேர்க்க முடியும் என்றார் அத்தா. அதற்கும் விளையாடினோம். நான் தோற்றேன். அவன் படித்துப் பெங்களூர் போனான். எனக்கு மூளை மட்டு, கை மந்தம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அடப்பாவி என்று அந்தக் கடையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

மிக்கேல்ராஜ் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தான். அண்ணனோடு போட்டி என்று சொன்னதும், அப்படியென்றால் டர்போவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்குச் சாதாவைக் கொடுங்கள் என்று யோசனையும் சொன்னான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்தது. எடுத்துக் கையில்கூடப் பிடித்துவிட்டேன். ஆனால் கள்ளாட்டம் ஆடி வாங்கிய கடையில் உட்கார்ந்தால் பிஸ்மி சொல்லி ஒரு தட்டை இறக்க முடியுமா? முதலில் ஒதுக்கிய சதுரத்திலேயே இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே கெட்டி.

பெருநாள் வரை அசுர சாதகம். என் வீட்டுக்காரர் ரஃபீக் தன் லேப்டாப்பில் அதே போல ஒரு ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தார். தம்ரூட் அடுப்பில் வேகும் நேரமெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தேன். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தட்டினேன்.

பெருநாள் சாப்பாடு முடிந்ததும் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாசின் ரிமோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். மேல் பட்டன் எங்கே என்று கேட்டான். அழகுக்குத்தானே, வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் பார்க்கவே இல்லை.

ஆட்டம் தொடங்கியதும் அவன் விரல் இல்லாத பட்டனைத் தேடி மேலே மேலே போனது. முதல் உயிர் அப்படியே போயிற்று. எனக்கு ஒரே குதியாட்டம். அந்தக் குதிப்பில் நான் அடுத்தடுத்து இரண்டு உயிரை விட்டேன்.

"ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுடி. நிதானமா ஆடு" என்றார் அம்மா. நடுவர் அப்படிப் பேசக் கூடாது என்றான் யாசின். அம்மா காதில் வாங்கவில்லை.

மூச்சை இழுத்து விட்டுக்கொண்டேன். நெய்யில் ரவையைக் கிண்டுகிற மாதிரிதான், அவசரப்பட்டால் தீயும், நிறுத்தினால் அடிபிடிக்கும். ஒரே வேகத்தில் தட்டினேன். கொப்புளம் உடைந்து எரிந்தது. விடவில்லை. அவனுக்குக் கை சோர்ந்துவிட்டது. பிடித்துக்கொண்டே இருந்து பழகிய விரலுக்குத் தட்டத் தெரியவில்லை. கடைசி உயிரும் போய் வெள்ளை விமானம் மறைந்தது. பச்சை தனியாகப் பறந்து சுட்டுக்கொண்டிருந்தது. அவன் எண்ணிக்கையைத் தாண்டிய பிறகும் நான் நிறுத்தவில்லை, என் உயிர் தீரும்வரை ஆடினேன்.

இன்னொரு ஆட்டம் என்று யாசின் கேட்பான் என நினைத்தேன். கேட்கவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கம்ப்யூட்டர் கிளாஸுக்கு ஆடுனமே மஹ்ஜு… அந்தப் பட்டன் எதுக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றான்.

அவனைத் திட்டுவதற்கென்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அதற்குப் பதில் அழுகைதான் வந்தது.

"படிக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேண்ணே" என்றேன். "நான் மக்குன்னு நெனச்சுக்கிட்டே இம்புட்டு வருசம் இருந்துட்டேன்."

யாசின் உள்ளே போய்த் தன் பையிலிருந்து சாவியை எடுத்து வந்தான். என் கையில் கொடுக்கக் கூசியோ என்னவோ, மேசை மேல் வைத்தான். நான் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பூட்டு திறந்துவிட்டது, ஷட்டர்தான் துருப்பிடித்து மேலே ஏறாமல் நின்றது. பின்னாலேயே வந்த யாசின் குனிந்து அதில் கை வைத்தான்.

"விடுண்ணே" என்றேன். "நான் தொறந்துக்கிறேன்."