கைதட்டாத பிறந்தநாள்

அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் முன் என் கணவர் மாசானம் கடைசியாகச் செய்தது, கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டியதுதான். எதிரே எங்கள் மகன் நிலவனும் அதேபோல் ஆட்டினான். மறுநாள் அவனுக்கு நான்காவது பிறந்தநாள். கேக் வெட்டியதும் யாரும் பாடக் கூடாது, கைதட்டக் கூடாது, இப்படிக் கையை ஆட்டினால் போதும் என்பது அவருடைய ஏற்பாடு.

நிலவனுக்குச் சத்தம் ஆகாது. போன வருடம் மொட்டைமாடியில் ஷாமியானா போட்டு, ஸ்பீக்கர் வைத்து, அவரோடு கம்பெனி லைனில் வேலை செய்யும் அத்தனை பேரையும் கூப்பிட்டோம். எல்லோரும் சேர்ந்து கைதட்டியதும் பிள்ளை அலறிக்கொண்டு கீழே ஓடி, கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான். கடைசி ஆள் சாப்பிட்டுப் போகும்வரை வெளியே வரவில்லை. கேக்கை அவன் இல்லாமலே வெட்டினோம்.

அதனால் இந்த முறை எல்லாமே சின்னதாக. தூங்கி எழுந்து பிள்ளை தெளிவாக இருக்கும் காலை நேரம். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் மட்டும். கேக், ரவா கேசரி. பலூன் கிடையாது.

"டிரையல் எடுக்காம லைன ஓட்டக் கூடாதுட்டி" என்று சொல்லி, வீட்டு ஓனர் நரசிம்மனின் சின்ன மகள் சத்யப்பிரியாவையும் கூப்பிட்டுப் பழக்கினார். அவள் மறந்துபோய்த் தட்டிவிட்டாள்.

"ஏய் சூப்பர்வைசரு, நீயே ரிஜெக்டா?"

"போ அங்கிள். கை தானா தட்டுது. நான் இன்னா பண்றது?"

நிலவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் காலை வீட்டில் இருப்பதற்காகத் தன் பகல் ஷிஃப்டை, கூட வேலை செய்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய ராத்திரி ஷிஃப்டை வாங்கியிருந்தார். ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து எல்லாமே இப்படித்தான் நடக்கும். லீவு கேட்பதைவிட இது சுலபம்.

"விடிய விடிய முழிச்சிட்டு வந்து கேக்கு வெட்டப் போறீங்களாக்கும்" என்றேன்.

"சத்தமில்லாத பார்ட்டிதான. நடுவுல தூங்கினாலும் யாருக்குத் தெரியப் போவுது?"

விடிந்து வீடு திரும்பும்போது, வல்லக்கோட்டை ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக்கோடு போய் மோதியிருந்தார். கண் அசந்திருக்கும் என்றார்கள். செய்தி வந்தபோது நிலவன் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். அதை அப்புறம் யாரும் கழற்றவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் நாங்கள் குடியிருந்த பென்னலூருக்கு வந்தது. சங்கரன்கோவில் பக்கம் அவருடைய ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் எல்லோரும் முகம் பார்ப்பதற்காக வாசலில் இறக்கினார்கள். அதற்குள் நரசிம்மன் அண்ணன் மேளத்துக்குச் சொல்லிவிட்டார். வெடிச்சரமும் வந்துவிட்டது.

"வேணாம்ணே. பிள்ளை தாங்க மாட்டான்" என்றேன்.

"இன்னாம்மா பேசற? என் வூட்ல இருந்தவன் அவன். ஊமையா அனுப்பிட்டா நாளைக்கு ஊரு என்னைக் காறித் துப்பாது?" அவர் அழுதுகொண்டிருந்தார். "தெருமுனை வரைக்கும்தாம்மா. ஒரே ஒரு சரம்."

"அவருதான் இன்னைக்குச் சத்தமே கூடாதுன்னாரு, அண்ணே."

மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியாது.

நிலவன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நானும் தவழ்ந்து உள்ளே போய் அவன் காதுகளைப் பொத்தினேன். என் கைகளின் மேல் அவன் தன் கைகளை வைத்து அழுத்தினான். வாசலில் பெண்கள், "வாம்மா, தூக்கப் போறாங்க, முகத்தைப் பாத்துக்கோ" என்று கூப்பிட்டார்கள். சரம் வெடித்தது. கையை எடுத்தால் பிள்ளைக்குச் சத்தம் கேட்கும். நான் போகவில்லை. என் வாசலிலிருந்து அவரைத் தூக்கியதை நான் பார்க்கவில்லை.

புகை அடங்கிய பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியிருந்தார்கள். மதில் ஓரமாக நின்ற சத்யப்பிரியா எங்களைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

நிலவன் காதிலிருந்து கையை எடுத்தான். அவனும் ஆட்டினான். பிறகு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "நான் இல்லாம கேக்கு வெட்டிட்டீங்களாம்மா?" என்றான்.

டிரைவரிடம் சைரன் போடவேண்டாம் என்றேன். அவர் போடவில்லை. அன்று நான் கேட்டு நடந்தது அது ஒன்றுதான்.

அந்தத் தேதியில் இப்போது ஊரில் அவருக்குப் படையல் போடுகிறோம். அதே நாளில் பிறந்தநாளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்தநாள் உண்டா என்று அடுத்த வருடம் கேட்டான், அதற்கடுத்த வருடம் கேட்கவில்லை.

அவன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் எல்லோரும் கைதட்டும்போது அவன் மட்டும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறான் என்று டீச்சர் சொன்னார்.