ஆறடிக் கதாநாயகன் மாட்டிய தாழ்ப்பாள்

1

"எந்த ஒசரத்துல மாட்டப் போறம்மா?"

"எம் பொண்ணுக்கு எட்டக் கூடாது. எனக்கு எட்டணும்."

"பொண்ணு எம்மா ஒசரம் கீது?"

"தோ, இடுப்பு வரைக்கும். ஆனா ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறுதுண்ணா."

"அப்போ நீதாம்மா இன்னும் கொஞ்சம் வளரணும்."

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த கைமுதல் இவ்வளவுதான். திருப்போரூரில் ஒரு ஹார்டுவேர் கடையில், என் குளியலறைக் கதவுக்குக் கீல் வாங்க நின்றபோது காதில் விழுந்தது. கடைக்காரர் பூபாலன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அந்தக் குள்ளமான பெண்ணும் சிரித்தாள். ஒட்டுக் கேட்டவள் என்று தெரியக் கூடாதே என்று நான் ஆணிப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் நீளமாக ஒரு தாழ்ப்பாளை வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் பக்கம் போனாள். நான் கீல் வாங்க மறந்து செங்கல்பட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

(குளியலறைக் கதவு இன்றுவரை சரியாக மூடவில்லை. வீட்டில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறோம்.)

2

முதல் தொடக்கம்: "அலைகள் தாலாட்டும் அந்தக் கடலோரக் குப்பத்தில் பவானி..."

வேண்டாம். வாசலிலிருந்து இருநூறு அடியில் கடல். மூன்றரை வயதில், நிற்காமல் நடக்கிற ஒரு பிள்ளை. அந்த வீட்டுக்காரிக்கு அலை தாலாட்டாகக் கேட்காது.

இரண்டாம் தொடக்கம்: "கிஷோர் ஆறடி உயரம். அகன்ற தோள்கள்..."

பழக்கதோஷம். பதினான்கு வருடமாகக் குடும்ப நாவல் எழுதுகிறேன். என் கதாநாயகர்களில் குள்ளமானவர் ஒருவரும் கிடையாது. கதாநாயகி நிமிர்ந்து பார்த்தால்தான் அவன் முகம் தெரிய வேண்டும். வாசகிகளுக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அதனால் கிஷோரை ஆறடியாகவே விட்டுவைத்தேன். கடையில் பார்த்த பெண்ணுக்குத்தான் பவானி என்று பெயர் வைத்தேன், நாலடி பத்து அங்குலம். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் தொடக்கம், நேராகவே: மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம். காலை ஏழு மணிக்குப் படகுகள் கரைக்கு வரும். மணலில் மீனைக் கொட்டி ஏலம் விடுவார்கள். பவானி ஏலம் எடுப்பாள். அவள் புருஷன் கிஷோர் அதை ஐஸ் பெட்டியில் போட்டு, குட்டி யானை வண்டியில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவான். பவானி மீனைத் தொட மாட்டாள். குவியலை ஒரு சுற்றுச் சுற்றுவாள், அவ்வளவுதான். மேலே நல்ல மீன், அடியில் நேற்றைய மீன் என்று அடுக்கி வைத்தவர்கள் அவளைப் பார்த்ததும் தாமாகவே குவியலைக் கலைத்துவிடுவார்கள்.

எட்டு மாதமாக அவள் ஏலத்துக்குப் போகவில்லை. திரும்பவும் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். என் கதாநாயகிகளில் இவ்வளவு மலிவான ஆசை வேறு யாருக்கும் இருந்ததில்லை. பத்தாவது பக்கத்திலேயே கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

3

குழந்தையின் பெயர் சுவேதா. அவள் ஏன் நடக்கிறாள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. காரணம் ஒன்று கண்டுபிடிக்க இரண்டு நாள் செலவழித்தேன். அப்பாவைத் தேடுகிறாள், கடல் அழைக்கிறது, முன்ஜென்மத்து — சே, இதையெல்லாம் நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருந்தால் போவாள். அவ்வளவுதான்.

ஒருநாள் பவானி ஏலத்துக்கு அவளையும் கூட்டிப்போனாள். விலை ஏறிய இரண்டு நிமிடத்தில், பிள்ளையைப் பிடித்திருந்த கை வெறுமையானது. குப்பமே தேடியது. சுவேதா அப்போது ஷேர் ஆட்டோவில் ஜன்னலோரம் உட்கார்ந்து முட்டுக்காடு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டி டிரைவர் திரும்பிப் பார்த்து, "கொயந்தைய மடியில வச்சிக்கோம்மா" என்றார். "எந்தக் கொயந்த?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அன்றோடு பவானி ஏலத்துக்குப் போவதை நிறுத்தினாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

(மாமியார் எங்கே என்று கேட்பீர்கள். என் முந்தைய நாவல்களில் ஓய்வே இல்லாமல் உழைத்துவிட்டார். இந்தக் கதைக்கு மட்டும் விடுப்புக் கொடுத்திருக்கிறேன்.)

4

முதலில் கதவில் பிளாஸ்டிக் பூட்டு ஒன்றை ஒட்டினார்கள், ஆன்லைனில் வாங்கியது. உப்புக் காற்றில் மூன்றாம் நாள் அது கழன்று சுவேதாவின் விளையாட்டுச் சாமான் ஆனது. அப்புறம் கதவுக்கு மணி கட்டினார்கள். மணி அடித்தது, பவானி ஓடி வருவதற்குள் மணிச் சத்தம் மட்டும் வாசலில் நின்றது.

பிறகுதான் தாழ்ப்பாள். கிஷோர் அதைக் கதவின் உட்பக்கம், தன் கைக்கு வாகாக, நிலைக்கு ஒரு சாண் கீழே மாட்டினான். எட்டி நின்று அழகு பார்த்தான்.

"எப்டி?"

"பாப்பாவுக்கு எட்டாது."

"அதான வோணும்."

"எனக்கும் எட்டாது மச்சான்."

அவன் அவளையும் தாழ்ப்பாளையும் மாறி மாறிப் பார்த்தான். "இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"கல்யாணம் ஆகி அஞ்சு வருசமா இதே ஒசரத்துலதான கீறேன்."

(இந்த இடத்தில் கிஷோரை நாலரை அங்குலம் குறைத்துப் பார்த்தேன். சரிப்படவில்லை. குறைத்த கிஷோரும் தன் கை எட்டும் இடத்தில்தான் மாட்டினான்.)

பவானி ஸ்டூல் போட்டு ஏறித் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு நாள் சுவேதா வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் நாள் ஸ்டூலுக்கு மேல் அரிசி டப்பாவை வைத்து அவளும் ஏறினாள்.

இதற்கிடையில் தெரு வேறு. இந்தக் குப்பத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.* பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் ஜன்னலில் வந்து நின்றாள். "இன்னாடி, சண்டையா? கதவு சாத்திகினு கீது."

"பாப்பாவுக்காக்கா."

"அப்போ சரி. உம் புருசன் இன்னிக்கு ஏலத்துல எட்த்த வஞ்சரத்தோட வயச அதுகிட்டயே கேட்டா, அதுவே வெக்கப்படும். எப்போ வருவ நீ?"

அன்று கிஷோர் வந்து கால் கழுவும்போது சொல்லிவிடலாம் என்று பவானி வாய் திறந்தாள். "சோறு போடட்டா?" என்றுதான் வந்தது. எட்டு மாதமாக அப்படித்தான் வருகிறது.

* சாத்தினால், உள்ளே சண்டை அல்லது உள்ளே ஆளில்லை. என் நாவல்களில் வேறு மாதிரி. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் அத்தியாயத்தை முடித்து, அடுத்த அத்தியாயத்தைக் காலைக் காபியில் தொடங்கிவிடுவேன். தாழ்ப்பாளுக்குப் பிறகும் ஒருத்தி வீட்டுக்குள் இருப்பாள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

5

இனி ஒரு வாக்கியம். மிகுந்த பாசத்தோடு எழுதியது, கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே விடுகிறேன்:

"இருவரும் பத்திரமாக இருக்கட்டும் என்று, கிஷோர் காலையில் போகும்போது கதவை வெளியே தாழிட்டுவிட்டுப் போனான்."

எழுதி முடித்து டீ போட எழுந்தேன். பால் பொங்கியபோதுதான் அந்த வாக்கியத்தைச் சரியாகப் படித்தேன். ஏதாவது ஆனால் கூப்பிடலாம் என்றால் செங்கம்மாள் ஏலத்தில் இருப்பாள். தெருவில் பெண்கள் எல்லோரும் ஏலத்தில் இருப்பார்கள். பவானியின் அடுப்பிலும் அப்போது ஏதாவது பொங்கிக்கொண்டிருக்கும். வெளித் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருந்தாலும் உள்ளே இருப்பவளுக்கு எட்டாது, அவள் ஆறடி இருந்தாலும். சுவேதா இப்போது எங்கும் போக முடியாது. வீட்டில் இன்னொருத்தியும்.

அவன் கெட்டவன் இல்லை. பவானிக்கு ஓய்வு கிடைக்கிறது என்று மெய்யாகவே நம்புகிறான். திரும்பி வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வருகிறான். அந்தப் பூவை நான்தான் அவன் கையில் கொடுத்தேன்.

6

முடிவுகள், என் கைவசம் இருப்பவை:

(அ) குழந்தைக்குப் புத்தி வந்துவிடுகிறது. மூன்றரை வயதில் யாருக்கு வந்திருக்கிறது? எனக்கு நாற்பத்தாறு.

(ஆ) கிஷோர் தானாகவே புரிந்துகொள்கிறான். அவள் கண்ணில் ஒரு துளி, அவன் நெஞ்சில் ஒரு... இதை நூறு முறை எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் நூற்றெண்பதாவது பக்கத்தில் நடக்கும்.

இதை எழுதப் போனபோது பவானி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். ஏலத்தில் அடி மீனைப் பார்ப்பது போல.

"அவரு தானா புரிஞ்சிக்கற வரைக்கும் எத்தினி பக்கம் நான் உள்ள குந்திகினு இருக்கறது?" என்றாள்.

சரி. நான் எழுந்துகொள்கிறேன், இனி நீயே சொல்.

7

காலை பதினோரு மணி. வெளித் தாழ்ப்பாள் விலகும் சத்தம். கிஷோர் உள்ளே வந்தான், பூ, மீன் பை, சந்தோஷமான முகம். சுவேதா அவன் காலுக்கிடையில் புகுந்தாள். ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டான்.

"பவானி, மாமல்லபுரத்துல வெல்டர்கிட்ட சொல்ட்டேன். வாசலுக்கு இரும்பு கேட்டு. ஞாயித்துக்கெயம அளவெடுக்க வரான். அதோட உனுக்குக் கவலையே இல்ல."

அவள் மீன் பையை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். அவன் கால் கழுவத் திரும்பினான்.

கிஷோர் என்ன பதில் சொன்னான் என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் என் கை அவனை உடனே நல்லவனாக்கிவிடும். உங்கள் வீட்டு ஆள் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பவானி சொன்னதை மட்டும், ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

"கேட்டு வாணாம் மச்சான். நாளிக்கி நீ வூட்ல குந்திகினு பாப்பாவ பாத்துக்கோ. நான் ஏலத்துக்குப் போறேன்."