ஓரத்தில் நின்றவன்

இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஆணி அடிப்பது போல வலி. எட்டு மாதமாக. ஒரு டாக்டர் சைனஸ் என்றார், இன்னொருவர் பல் என்றார், கண்ணாடிக் கடைக்காரர் மூன்று தடவை பவர் மாற்றிக் கொடுத்தார். நடுவில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே திரிந்தேன். "குடிச்சிட்டு இடிச்சாக்கூட நிம்மதியா இருப்பேன். நீங்க குடிக்காமயே இடிக்கிறீங்க" என்றாள் மனைவி. அவள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை.

"மெஷின் நின்னுடுச்சாம்மா?"

"ஓடுது சார். ஓரத்துல வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றாள் பரிசோதனை செய்த பெண்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. கண் நரம்பை அழுத்துகிறதாம். "புற்று மாதிரி தெரியல. மூக்கு வழியாவே எடுத்துடலாம். போன பார்வை எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மனைவி அழுதாள். எனக்கு என்னோடு வேலை பார்த்த நெட்டையன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சைகை காட்டுகிறவன் வலப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். கை உயர்ந்தால் வண்டி நிற்கணும். நான்கு மாதத்துக்கு முன் நெட்டையன் சைகைக்கு நின்ற ஒரு நாள் நான் நிறுத்தவில்லை. வண்டி இடித்துச் சரக்கு அடுக்கு முழுக்கச் சரிந்தது. விசாரணையில், "இவன் கையே தூக்கல" என்றேன். "ரெண்டு கையும் தூக்கினேண்ணே" என்று நெட்டையன் என்னையே பார்த்துச் சொன்னான். பதினெட்டு வருஷ சர்வீஸ்காரனின் பேச்சுதான் எடுபட்டது. அவனுக்கு வேலை போயிற்று.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மேனேஜருக்கு போன் செய்து, அன்று நெட்டையன் கை என் கண்ணுக்குத்தான் தெரியாமல் போயிருக்கும் என்று சொன்னேன். "மூடின ஃபைல்பா அது. ஓரம் தெரியாம ஓட்டினேன்னு நீயே எழுதிக் குடுத்தா, அப்புறம் உன்னை யாரு வண்டியில ஏத்துவா? போய் உடம்பைப் பாரு." அக்கறையாகத்தான் சொன்னார். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் "சரி சார்" என்று போனை வைத்தேன்.

இன்று மூன்றாம் நாள். மூக்கில் பஞ்சு அடைத்திருக்கிறது, வாயால்தான் மூச்சு. வலது ஓரத்தில் மங்கலாக என்னவோ அசைந்தது. ஜன்னல் திரை.

"தெரியுதா?" என்றாள் மனைவி.

"கொஞ்சம்."

கம்பெனிக்கு எழுத நான் கேட்டிருந்த பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன். 'அவன் கை தூக்கினான்' என்று ஒரு வரி நெட்டையனுக்குப் பாக்கி.